விலகுவோரின் கடமை: சந்தா நீக்கும் கட்டளை பற்றிய ஒரு நோக்கு

1

உறவுகளைத் தொடங்குவதற்கான விதிகள் விரிவாக வகுக்கப்படும் அளவுக்கு அவற்றை முடித்துக்கொள்வதற்கான விதிகள் வகுக்கப்படுவதில்லை. கூட்டு வாணிபம், குத்தகை, ஒற்றி ஆகிய எதனை நோக்கினும், முடிவு பற்றிய சிந்தனை பிணக்கு நேர்ந்த பின்னரே எழுந்திருத்தலைக் காணலாம். கணினித் துறையும் இதற்கு விலக்கன்று. இரு தரவுத்தளங்களை இணைப்பதற்கான கட்டளை எளிதில் எழுதப்பட்டுவிடுகிறது; அவ்விணைப்பை நீக்குவதற்கான கட்டளை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே உண்மையான சிக்கலாகின்றது.

இச்சிக்கலை விளங்கிக்கொள்வதற்குக் கணினியினின்று தொடங்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறு ஒன்றே போதுமானது. அளவெட்டி நாதசுரத்தாலும் தவிலாலும் புகழ் பெற்ற ஊர். மஹாகவி உருத்திரமூர்த்தி (1927–1971) பிறந்த ஊர் என்பதால் இலக்கிய மாணவரும் அதனை அறிவர். ஆயின் அடிப்படையில் அது ஒரு தோட்டக் கிராமம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் பயிர்ச்செய்கை கிணற்றையே நம்பியிருப்பது. சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து கிணறு வெட்டுவது பெரும் செலவுடைய முயற்சியாகையால், பலர் பங்கு கொண்ட கிணறுகள் குடாநாடெங்கும் ஏற்பட்டன. துலா மிதித்தும் பட்டை பிடித்தும் நீரிறைத்த காலத்தில் நிலவிய முறை, இறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் முற்றாக மறைந்துவிடவில்லை. காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தெழுதப்படுவது இன்றும் வழக்கமாகும்.

பங்காளி ஒருவர் ஊரைவிட்டு நீங்குகிறார் என்க. அவர் வராமையால் அவரது பங்கு அழிந்துவிடுவதில்லை. அவருக்குரிய முறையை ஏனையோர் எடுத்துக்கொள்ளலாமா, கிணற்றைத் தூர்வாருஞ் செலவில் அவரது கூறை யார் கொடுப்பது, அவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவையனைத்துக்கும் விடை ஒரு முதல் வினாவைச் சார்ந்துள்ளது: அவர் சொல்லிச் சென்றாரா, சொல்லாமற் சென்றாரா? தரவுத்தளச் சந்தாவை நீக்கும் கட்டளையும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது.

2

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள முறைமை, பொதுவுடைமையாகப் பலராலும் ஆக்கப்பட்டு உலகெங்கும் பயன்படுத்தப்படுவது. 2017 ஒக்டோபரில் வெளிவந்த அதன் 10 ஆம் பதிப்பிலே, ஒரு தளத்தில் நிகழும் மாற்றங்களை மற்றொரு தளம் தொடர்ந்து பெற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு நேரடிக் கட்டளைகளாகவே சேர்க்கப்பட்டது. மாற்றங்களை அளிக்கும் தளம் ஒரு 'வெளியீட்டை' அறிவிக்கின்றது; பெறும் தளம் அதற்கு ஒரு 'சந்தா' எடுக்கின்றது. சஞ்சிகை உலகிலிருந்து எடுக்கப்பட்ட இச்சொற்கள் பொருத்தமானவை. எனினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. சந்தாதாரர் ஒருவர் வீடு மாறிவிட்டால் சஞ்சிகை திரும்பி வரும். அச்சகத்துக்கு அதனால் அழிவு நேர்வதில்லை. தரவுத்தளத்திலோ நிலைமை வேறு.

வெளியிடும் தளம் தன்னிடம் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதுகின்றது. பதிவேடு இயல்பாக 16 மெகாபைற்று அளவுள்ள துண்டுகளாக வட்டில் வைக்கப்படும். தேவை முடிந்த துண்டுகள் அகற்றப்படும். சந்தா எடுக்கப்பட்டதும் வெளியிடும் தளத்தில் அச்சந்தாவின் பெயரில் 'ஸ்லொட்' எனப்படும் காப்பிடம் ஒன்று அமைக்கப்படுகின்றது. 2014 இல் வெளிவந்த 9.4 ஆம் பதிப்பில் அறிமுகமான இக்காப்பிடம் ஒரு வாக்குறுதியாகும்: 'நீ எந்த இடம்வரை பெற்றுக்கொண்டாயோ, அதற்குப் பின் வந்தவற்றை நீ பெறும்வரை அழிக்கமாட்டேன்.' பெறும் தளம் ஒரு மணிநேரம் தொடர்பிழந்தாலும் ஒரு நாள் தொடர்பிழந்தாலும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர முடிவது இவ்வாக்குறுதியினாலேயே.

வாக்குறுதியின் சிறப்பே அதன் ஆபத்துமாகும். பெறும் தளம் நிரந்தரமாக நீங்கிவிட்டபோதும் காப்பிடம் அதனை அறியாது, காத்துக்கொண்டேயிருக்கும். நிமிடத்துக்கு ஒரு துண்டு எழுதப்படுமாயின் ஒரு நாளில் 1,440 துண்டுகள், அதாவது ஏறத்தாழ 23 கிகாபைற்று, யாருக்கும் பயனின்றிச் சேரும். ஈற்றில் வட்டு நிறையும். பதிவேட்டில் எழுத இடமின்றி வெளியிடும் தளம் நின்றுவிடும். விலகியவருக்கு அதனால் எவ்விதக் கேடுமில்லை. கேடு எஞ்சியிருப்பவருக்கே. அந்தத் தளத்தை நம்பி ஒரு மருத்துவமனையோ வங்கியோ இயங்குமாயின் கேடு அவற்றுக்குமாகும். சந்தா நீக்கும் கட்டளையின் நடத்தை வெறும் இலக்கண நயம் பற்றிய வினாவாக அமையாது பொறுப்புப் பற்றிய வினாவாக அமைவது இதனாலேயே.

3

'டிரொப் சப்ஸ்கிறிப்ஷன்' எனப்படும் நீக்கற் கட்டளை பெறும் தளத்தில் இடப்படுவது. அது தன் தளத்திலுள்ள சந்தாக் குறிப்பை அழிப்பதோடு, வெளியிடும் தளத்தோடு தொடர்பு கொண்டு அங்குள்ள காப்பிடத்தையும் நீக்க முயல்கின்றது. இரண்டும் நிறைவேறினாற் சிக்கலில்லை. மறுகரையை எட்ட முடியாதபோது கட்டளை என்செய்ய வேண்டும் என்பதே வடிவமைப்பின் உரைகல்.

மூவகை விடைகள் இயலக்கூடியன. முதலாவது, தன்னளவில் நீக்கிவிட்டு, மறுகரையில் எஞ்சியதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தெரிவித்துச் செல்லல். இது விலகுவோருக்கு இனியது. ஆயின் எச்சரிக்கை வாசிப்பாரின்றித் திரையில் ஓடி மறையும். தன்னியக்க நிரல்வழி இடப்படும் கட்டளைகளில் எச்சரிக்கையைக் காண்பதற்கு மனிதரே இருப்பதில்லை. இரண்டாவது, மறுகரையின் ஒப்புதலின்றி எவ்வகையிலும் நீங்க முடியாதெனல். இது எஞ்சியிருப்போருக்குக் காப்பளிப்பது. ஆயின் மறுகரை என்றென்றைக்குமாக அழிந்துவிட்டாலோ விலகுவோர் இல்லாத ஒருவரின் கைதியாகிவிடுவர். மூன்றாவது, இயல்பாக மறுத்தல்; ஆயின் விலகுவோர் தம் கையாலேயே அவ்வுறவைக் கைவிடுவதாக எழுதித் தந்தால் விடுதல்.

போஸ்ட்கிரெஸ் மூன்றாவதையே தேர்ந்தது. தொடர்பு கிட்டாவிடின் கட்டளை வழுவெனக் கூறி நின்றுவிடுகின்றது. நிருவாகி முதலில் சந்தாவைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அடுத்து, சந்தாவை மாற்றும் கட்டளையால் காப்பிடத்தின் பெயரை 'நண்', அதாவது எதுவுமில்லை, என மாற்ற வேண்டும். அதன் பின்னரே நீக்கற் கட்டளை மறுகரையை நாடாது தன் காரியத்தை முடிக்கும். ஒரு செயலுக்கு மூன்று கட்டளைகளா என முதற்கண் தோன்றும் சலிப்பு சிந்திக்குந்தோறும் நீங்குவதாகும். இரண்டாம் படியில் நிருவாகி செய்வது ஒரு பொறுப்புத் துறப்பு. அதனை வேறொரு செயலின் பக்கவிளைவாக ஆக்காது, தனக்கெனப் பெயருள்ள தனிச் செயலாக ஆக்கியமை இவ்வடிவமைப்பின் முதன்மையான சிறப்பு எனலாம்.

இவ்வடிவம் தொடக்கத்திலேயே கண்டடையப்பட்டதன்று. 10 ஆம் பதிப்பு ஆக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, காப்பிடத்தை நீக்காது விடுக என்னும் விருப்புச் சொல்லொன்றை நீக்கற் கட்டளையோடு சேர்த்து எழுதும் வசதி இருந்தது. 2017 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. நீக்கற் கட்டளைகள் யாவும் ஒரே வடிவின. சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்குக, சார்ந்தவை இருப்பின் மறுக்குக என்னும் இரண்டன்றி வேறு விருப்புச் சொல் அவற்றுக்கு ஆகாது என்பது காட்டப்பட்ட காரணம். மொழியின் சீர்மை கருதிச் செய்யப்பட்ட இம்மாற்றம் அறநோக்கிலும் நன்மையாக முடிந்தமை கருதத்தக்கது. விருப்புச் சொல்லாக இருந்திருப்பின் அது பழக்கத்தால் எப்போதும் தட்டச்சிடப்படும் வாலாகியிருக்கும். பொறுப்புத் துறப்பு கைப்பழக்கமாகியிருக்கும்.

இக்கட்டளையைப் பரிவர்த்தனைத் தொகுதியொன்றின் உள்ளே இட முடியாது என்னும் தடையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. தரவுத்தளத்திற் பிற செயல்களைத் தொகுத்து, ஒன்று பிழைத்தால் யாவற்றையும் மீளப்பெறலாம். காப்பிடத்தோடு கூடிய சந்தா நீக்கம் அத்தகையதன்று. வெளியிடும் தளத்திற் காப்பிடம் நீக்கப்பட்டபின் அதனை 'நடவாதது' ஆக்க இயலாது. மீளப்பெற முடியாததை மீளப்பெறலாமெனக் காட்டாமை நேர்மையான வடிவமைப்பாகும். காப்பிடம் துறக்கப்பட்ட சந்தாவுக்கு இத்தடை இல்லை என்பதும் தர்க்கத்தோடு பொருந்துகின்றது.

4

இவ்வளவு கூறியபின் குறைகளையும் கூறுதல் வேண்டும்.

முதலாவது குறை, 'எட்டவில்லை' என்பதையும் 'ஏற்கெனவே இல்லை' என்பதையும் ஒன்றாகக் கருதுவது. வெளியிடும் தளத்தோடு தொடர்பு கிடைத்து, அங்கே காப்பிடம் முன்னரே நீக்கப்பட்டிருப்பது தெரியவந்தாலும் கட்டளை வழுவென நிற்கின்றது. நீக்கத்தின் நடுவே பெறும் தளம் வீழ்ந்துவிட்டால் இந்நிலை நேரலாம்: மறுகரையிற் காப்பிடம் போய்விட்டது, இக்கரையிற் சந்தாக் குறிப்பு எஞ்சியுள்ளது. மீண்டும் கட்டளை இடின், அடைய வேண்டிய நிலை அடையப்பட்டுள்ளபோதும் மறுப்பே கிடைக்கின்றது. பெயர்ப் பிழையால் வேறொரு தளத்தை நாடியிருக்கவுங் கூடுமாகையால் இவ்வெச்சரிக்கை தேவை என்று வாதிடலாம். வாதத்திற் பொருளுண்டு. எனினும் அறியாமையால் வரும் மறுப்பும் அறிந்தபின் வரும் மறுப்பும் நிருவாகிக்கு ஒரே சிகிச்சையையே காட்டுவதால், அவர் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழகுவதில்லை. தேவையற்ற இடத்திற் பொறுப்புத் துறக்கப் பழகியவர் தேவையான இடத்திலும் எண்ணாது துறப்பர்.

இரண்டாவது குறை மேலும் முக்கியமானது. கட்டளை மறுக்கும்போது அதனோடு ஒரு குறிப்பும் தோன்றும். சந்தாவைச் செயலிழக்கச் செய்க, பின்னர்க் காப்பிடப் பெயரை 'நண்' ஆக்குக என்று அக்குறிப்பு வழி சொல்கின்றது. ஆனால் அவ்வாறு செய்தால் மறுகரையிற் காப்பிடம் அனாதையாக எஞ்சும், அதனைத் தனியே சென்று நீக்காவிடின் வட்டு நிறையக்கூடும் என்பதை அது சொல்வதில்லை. அவ்வெச்சரிக்கை கையேட்டில் உள்ளது. நெருக்கடியில் நிற்பவர் கண்முன் உள்ளது குறிப்பு மட்டுமே. திறவுகோலைக் கொடுப்பவர் கதவுக்கு அப்பால் கிணறு உண்டென்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

மூன்றாவது, நினைவின்மை. காப்பிடப் பெயரை 'நண்' ஆக்கியதும் அப்பெயர் சந்தாக் குறிப்பிலிருந்து மறைகின்றது. சந்தாவை நீக்கியதும் மறுகரையின் முகவரியும் மறைகின்றது. எந்தச் சேவையகத்தில் எந்தக் காப்பிடம் கைவிடப்பட்டது என்பதற்குத் தரவுத்தளத்திற் சாட்சியே இல்லை. இன்னுமொன்று: சந்தாவைச் சார்ந்து வேறு பொருள்கள் இல்லாமையால், 'சார்ந்தவற்றையும் நீக்குக' என்னும் சொல்லுக்கு இக்கட்டளையிற் பயனில்லை எனக் கையேடு கூறுகின்றது. வீட்டெல்லைக்குள் அது முழு உண்மை. வீட்டுக்கு வெளியே, அந்தச் சந்தாவின் பெயரில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதைப் பட்டியல் அறியாது. உண்மையான சார்பு பட்டியலுக்கு அப்பால் உள்ளது.

5

பட்டியலுக்கு அப்பாலுள்ள சார்பை எவ்வாறு கணக்கில் எடுப்பது என்பதற்கு யாழ்ப்பாணத்தின் பழைய சட்டம் ஒரு விடை வைத்திருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தளித்த தேசவழமை, காணி விற்போர் தம் எண்ணத்தைத் தமக்குரிய தேவாலயத்தில் அடுத்தடுத்து 3 ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிக்க வேண்டும் என்னும் அக்கால விதியைக் குறிப்பிடுகின்றது. முன்னுரிமை கோருவோர் அக்காலத்துள் வந்து கூறல் வேண்டும். பங்காளியையும் உரித்தாளியையும் கேளாமல் விற்பதைத் தடுக்கும் இம்முன்கொள்வனவு உரிமை 1947 இல் தனிக் கட்டளைச் சட்டமாகவும் ஆக்கப்பட்டது. இங்கு கவனிக்க வேண்டியவை இரண்டு: விலகுவோருக்கு அறிவிக்கும் கடமை உண்டு, எஞ்சியிருப்போரின் கோரிக்கைக்குக் கால எல்லை உண்டு. ஒன்று மற்றொன்றின்றி நீதியாகாது.

தரவுத்தள உலகம் முதலிற் கைக்கொண்டது இரண்டாவதையே. மைஎஸ்கியூஎல் முறைமையில் மூலத்தளம் ஒவ்வொரு பெறுநருக்கும் தனி வாக்குறுதி அளிப்பதில்லை. தன் மாற்றப் பதிவேட்டைக் காலங்கடந்ததும் அழிக்கின்றது. 8.0 ஆம் பதிப்பில் இயல்பான எல்லை 30 நாள். ஆதலின் அங்கே விலகுதல் எளிது. பெறும் தளம் தன் குறிப்பை அழித்துக்கொண்டு போய்விடலாம். ஆயின் 31 ஆம் நாள் திரும்பி வருபவருக்கு அங்கே இடமில்லை. போஸ்ட்கிரெஸும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2020 இல் வெளிவந்த 13 ஆம் பதிப்பு, காப்பிடத்துக்காகச் சேர்த்துவைக்கும் பதிவேட்டின் அளவுக்கு எல்லை வகுக்க வழி செய்தது. 2025 இல் வெளிவந்த 18 ஆம் பதிப்பு, நெடுநாள் பயன்படாத காப்பிடத்தைச் செல்லாததாக்கும் கால எல்லையைத் தந்தது. இரண்டும் இயல்புநிலையில் எல்லையற்றனவாகவே விடப்பட்டுள்ளன. நிருவாகி தாமே எண்ணி வகுத்தல் வேண்டும்.

கால எல்லை மட்டும் போதும் எனச் சிலர் கருதலாம். அது போதாது என்பதற்கு அளவெட்டியின் அண்மைய வரலாறே சான்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தம் ஊர்களை விட்டு நீங்கினர். வலிகாமம் வடக்கிலுள்ள அளவெட்டியும் அப்பெயர்வுக்கு உட்பட்டதே. கிணற்றுப் பங்காளிக்கு யார் சொல்லிச் சென்றனர்? சொல்லுதற்கு யார் இருந்தனர்? அவர்கள் மௌனமாயினர், விலகவில்லை. இலங்கையில் ஒருவரின் காணியை மற்றொருவர் 10 ஆண்டு எதிருரிமையோடு ஆண்டு அனுபவித்தால் உரிமை மாறக்கூடும் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். போரினால் நீங்கியோர் மீது இவ்விதி அப்படியே பாயுமாயின் அது அநீதியாகும் என்பதனாலேயே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அத்தகையோருக்கு எதிராகக் கணக்கிடப்படலாகாது என அது விதித்தது. மௌனத்தை விலகலெனக் கொள்ளும் விதி, விலக்கப்பட்டோரை இருமுறை தண்டிக்கின்றது என்பதை ஒரு நாட்டின் சட்டமன்றமே ஏற்றுக்கொண்டமைக்கு இது எடுத்துக்காட்டு.

மனிதரின் இழப்பையும் இயந்திரத்தின் இழப்பையும் சமப்படுத்துவது இங்கு நோக்கமன்று. ஆயின் தர்க்கம் ஒன்றே. கால எல்லை மௌனத்தை மட்டுமே அளக்கும். மௌனத்தின் காரணத்தை அறியாது. கடலடி வடம் அறுந்து மூன்று நாள் தொடர்பிழந்த தளமும், எவரும் நினையாது கைவிட்ட தளமும் அதற்கு ஒன்றே. எல்லையைக் குறுக்கினால் முன்னது தன் இடத்தை இழந்து, முழுத் தரவையும் மீண்டும் முதலிலிருந்து பெற நேரும். எல்லையை நீட்டினால் பின்னது வட்டை நிரப்பும். இவ்விரண்டையும் வேறுபடுத்தக்கூடியது விலகுவோரின் சொல் மட்டுமே. அச்சொல்லைக் கொண்டுசெல்லும் கருவியே நீக்கற் கட்டளை. ஆகவே கட்டளையின் நடத்தையைக் கால எல்லை ஈடுசெய்யும் எனக் கருதுதல் தவறாகும்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, போஸ்ட்கிரெஸின் சந்தா நீக்கம் சரியான இடத்தில் நின்று, பாதிவழியே சென்றுள்ளது எனலாம். மறுகரை எட்டாதபோது மறுத்தல் சரி. துறப்பைத் தனிச் செயலாக்கியதும் சரி. துறந்தபின் சாட்சியின்றி மறத்தலே தவறு. இக்குறையைக் களைதல் அரிதன்று. வழுவோடு வரும் குறிப்பு, எஞ்சப்போகும் காப்பிடத்தின் பெயரையும் அதனால் நேரக்கூடிய கேட்டையும் சேர்த்துச் சொல்லலாம். காப்பிடம் துறக்கப்படும்போது அதன் பெயரும் மறுகரையின் முகவரியும் தளத்தின் பட்டியலொன்றில் எஞ்சலாம்; பின்னர் தொடர்பு மீளும் நாளில் நிருவாகி அப்பட்டியலை நோக்கிக் கடனைத் தீர்க்கலாம். காப்பிடம் மறுகரையில் இல்லையென உறுதியாகத் தெரிந்த இடத்தில், மறுப்புக்குப் பதிலாக அறிவித்தலோடு நீக்கம் நிறைவேறலாம்.

பட்டியலொன்றை வைத்திருப்பது பயனற்ற சுமை என்னும் மறுப்பு எழலாம். விலகிய தளமே அழிக்கப்படுமாயின் அப்பட்டியலும் அழியுமன்றோ என்றும் வினவலாம். இரண்டாவது மறுப்பு வலுவுடையது. ஆயின் ஒன்றை நினைவுகூர்தல் தகும். சந்தா எஞ்சியுள்ள தரவுத்தளத்தை முழுதாக நீக்க முயன்றாலும் போஸ்ட்கிரெஸ் மறுக்கின்றது. வீட்டையே இடிப்பவரையும் முதலிற் கணக்கைத் தீர்க்கச் சொல்லும் முறைமை, கணக்கு எழுதப்பட்ட தாளை மட்டும் தீர்ப்பதற்கு முன்னரே கிழிக்க இடமளிப்பது முரணாகும்.

கிணற்றுப் பங்கு உறுதியில் எழுதப்பட்டிருப்பது தண்ணீருக்காக மட்டுமன்று. பங்காளர் மாறினாலும், நீங்கினாலும், மறைந்தாலும், யாருக்கு யார் எதனைத் தரக் கடமைப்பட்டவர் என்பது எழுத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவுமே. நீங்குவோரைத் தடுத்துவைக்கும் விதி கொடியது. நீங்குவோர் விட்டுச்சென்ற சுமையை இருப்போர் தலையில் ஓசையின்றி ஏற்றும் விதியும் கொடியதே. இரண்டுக்குமிடையே நிற்பது ஒரு வரி எழுத்து. சந்தா நீக்கும் கட்டளைக்கு இன்னும் சேர்க்கப்பட வேண்டியது அவ்வொரு வரியே.